முழங்காலில் மணல்

ஹாமில்டனில், பார்டன் தெருவில்,
டயர்க் கடைக்குப் பின்னால் எங்கள் அறை.
ஜன்னல் கிடையாது, வெயில் அட்டையைத் தின்னும்.
பழைய பொம்மைகளுக்கு மதிப்பெண் போடுகிறேன்.
அட்டைக்கு ஒன்று, பிளாஸ்டிக் குமிழுக்கு ஒன்று,
உள்ளே நாற்பது வருடமாக
ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு ஒன்று.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் அளப்பவள்.
ஆறு யாருடையது என்று கேட்பதில்லை.

எண்பத்தைந்து வந்தால் ஒரு கார் வாங்கலாம்.
எழுபது என்றால் அந்தக் காருக்கு டயர்.
திறந்தது என்றால்
ஒரு பிட்சா, கோக் சேர்த்து.

பிப்ரவரியில் தண்டர் பேயிலிருந்து ஒரு பெட்டி வந்தது.
கர்னல் பஸால்ட், ஆழ்கடல் படை, 1985.
கனடா அட்டை. ஆங்கிலத்தில் ஒருமுறை வீரன்,
பிரெஞ்சில் இன்னொரு முறை.
மூலையில் ஸெல்லர்ஸ் விலைச்சீட்டு, மூன்று தொண்ணூற்றேழு.
கூடவே கோடு போட்ட தாளில் ஒரு கடிதம்:

தம்பி வேட் பிறந்தநாளுக்கு வாங்கியது.
ஒன்பது வயது. அந்தக் கோடையை அவன் தாண்டவில்லை.
திறக்கவே இல்லை. அம்மாவின் அலமாரியில்
அப்படியே இருந்தது.
இப்போது கூரை ஒழுகுகிறது.
இப்படிக்கு, லோர்ன் பெட்ரிக்.

கடிதங்களுக்கு மதிப்பெண் இல்லை.
முதலாளி நெவில் படிக்காமலே கிழிப்பார்.
செத்துப்போன தம்பிகள்
வாரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள், என்பார்,
பாதிப்பேர் பிறந்ததே இல்லை.

குமிழ் மஞ்சளாகியிருந்தது. வெயில் பட்டதால் அல்ல.
மூடிக் கிடக்கும் பிளாஸ்டிக்
தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து
இப்படி ஆகும்.
பொத்திப் பொத்தி வைத்தது உள்ளிருந்துதான் கெடுகிறது.
வாடிக்கையாளரிடம் இதைச் சொல்வதில்லை,
இன்னும் தடித்த ஒரு பெட்டியை விற்கிறோம்.

ஊதா விளக்கைப் பிடித்தேன்.
கீழ் விளிம்பில், மயிரளவு,
நீலமாக ஒளிர்ந்தது வேறொரு பசை.
பிளேடால் கீறி, பிறகு ஒட்டியிருக்கிறார்கள்.
மெதுவான கை. மூச்சைப் பிடித்துக்கொண்ட கை.
லென்ஸை நகர்த்தினேன்.
கர்னலின் வலது கட்டைவிரலில் சாயம் தேய்ந்திருந்தது.
இடது முழங்கால் மடிப்பில்
மணல், இரண்டே இரண்டு.

ஏமாற்றுக்காரன் என்றால் துடைத்திருப்பான்.
சோம்பேறி ஏமாற்றுக்காரன் துடைத்திருக்க மாட்டான்.
பையனோ, அம்மாவோ, கடையிலேயே எவனோ,
கை யாருடையது என்று பசை சொல்லாது.

விளக்கை அணைத்துவிட்டு யோசித்தேன்.
கல்கரியிலோ டல்லஸிலோ ஒருவன் இதை வாங்குவான்.
திறக்கவே மாட்டான்.
நான் பொய் சொன்னால்
அந்தப் பொய்யையும் திறக்க மாட்டான்.
இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்
அவன் சுவரில் பத்திரமாக இருக்கும்.
கூரையின் விலை எனக்குத் தெரியும்,
போன வருடம் நானும் போட்டேன்.

திறக்கப்பட்டது, என்று குறித்தேன்.

படிவத்தின் அடியில் குறிப்புகளுக்கு
மூன்று சென்டிமீட்டர் இடம் உண்டு.
காலியாக விடுவதுதான் வழக்கம்.
எழுதினேன்: கட்டைவிரலில் தேய்மானம்.
முழங்காலில் மணல். விளையாடியிருக்கிறார்கள்.

மார்ச்சில் தொலைபேசி அடித்தது.
பெயரைச் சொன்னார்.
மறுபரிசீலனைக்கு முப்பது டாலர்,
திருப்பித் தரமாட்டோம் என்று
மனப்பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.
அவர் கேட்டது ஒன்றுதான்.
எந்த முழங்கால்?

இடது, என்றேன்.

பிறகு அந்தப் பக்கம் பேச்சில்லை.
எங்கோ ஒரு வாளியில்
தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.
நெவில் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
நான் வைக்கவில்லை.